தூய எரிசக்தி நிதியத்துக்கு இயக்குநர்களைத் தேடுவது எப்படி?

கேள்வி: பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியில் வசிக்கும் மின்பொறியாளன் நான். எங்கள் மின்விநியோகப் பகுதியில் தூய எரிசக்திப் பணிகளுக்குக் கடன் கொடுக்கும் லாப நோக்கற்ற நிதியம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக ஊதியமில்லாத இயக்குநராக இருக்கிறேன். ஏழு இடங்களில் மூன்று ஒரே சமயத்தில் காலியாகிவிட்டதால், ஆள் தேடும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அறிவிப்புக்கு இருவர் மட்டுமே விண்ணப்பித்தனர். ஒருவர் சோலார் பேனல் பொருத்தும் நிறுவனத்தின் உரிமையாளர். அவருடைய வாடிக்கையாளர்கள் பலர் எங்களிடம் கடன் பெற்றவர்கள், அவருடைய நிறுவனத்தின் கடன் ஒன்றும் நிலுவையில் இருக்கிறது. மற்றவர் வருமானம் குறைந்தோரின் வீடுகளில் வெப்பக்காப்புப் பணிகளை ஆய்வு செய்யும் இளம்பெண். மூத்த இயக்குநர்கள் முதலாமவரை விரும்புகிறார்கள். இரண்டாமவருக்கு அனுபவம் போதாது என்கிறார்கள். நான் இங்குள்ள கோவிலொன்றில் அறங்காவலராக இருந்தவன். அங்கே பழகிய நம்மவர் மூன்று பேரை அழைத்தால் இடங்கள் நிரம்பிவிடும். சிறு மதிப்பூதியம் கொடுத்தால் ஆட்கள் வருவார்களா என்றும் யோசிக்கிறேன். தங்கள் ஆலோசனை வேண்டும்.

பதில் அளிப்பவர்: லாப நோக்கற்ற அமைப்புகளின் நிர்வாக ஆலோசகர்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியது, உங்கள் இயக்குநர் குழு ஓராண்டில் எத்தகைய முடிவுகளை எடுக்கிறது என்ற விவரத்தை. எத்தனை இடங்கள் காலி, யார் யார் விண்ணப்பித்தார்கள், யாரை யாருக்குப் பிடிக்கிறது என்பதெல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்த நாற்காலியில் அமர்பவர் எதற்குக் கை உயர்த்த வேண்டும், எதை மறுக்க வேண்டும் என்பது இல்லை. அறிவிப்புக்கு இருவர் மட்டுமே வந்ததற்கும் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். “தூய எரிசக்தியில் ஆர்வமுள்ளவர்கள் தேவை” என்று எழுதினால், ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவர்களும் அதன் மீது பற்றுக்கொண்டவர்களும்தான் திரும்பிப் பார்ப்பார்கள். உங்களுக்கு மிகவும் தேவைப்படும் ஆட்கள் தங்களை அப்படி நினைத்துக்கொள்வதில்லை.

இந்த நிதியங்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை அங்கே இருக்கிறது. மின் உற்பத்தியில் போட்டியை அனுமதித்து, வாடிக்கையாளர்கள் தங்களுக்கு வேண்டிய உற்பத்தியாளரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற சட்டத்தைப் பென்சில்வேனியா 1996-இல் இயற்றியது. அதையொட்டி மின் நிறுவனங்களின் மறுசீரமைப்பு வழக்குகள் மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் முன் வந்தன. அவற்றில் 1998-இல் எட்டப்பட்ட உடன்பாடுகளின் ஒரு பகுதியாகத்தான், பெரிய மின் நிறுவனங்களின் விநியோகப் பகுதிகளுக்கு நிலைத்த எரிசக்தி நிதியங்கள் உருவாயின. ஃபிலடெல்ஃபியா பகுதிக்கு ஒன்று, அலன்டவுனை மையமாகக் கொண்ட மத்திய கிழக்குப் பகுதிக்கு ஒன்று, மேற்கே வெஸ்ட் பென் பவர் மின் நிறுவனத்தின் பகுதிக்கு ஒன்று, மெட்-எட், பெனலெக் என்ற மின் நிறுவனங்களின் பகுதிகளுக்கு உள்ளூர்ச் சமூக அறக்கட்டளைகள் வழியாக நடப்பவை என்று அவை அமைந்தன. 1999-இல் ஆணையம் இவற்றுக்கிடையே ஒருங்கிணைப்புக்காக மாநில அளவில் ஒரு வாரியத்தையும் ஏற்படுத்தியது. ஆரம்ப மூலதனம் பெரும்பாலும் மின்கட்டணத்தின் வழியே வந்தது. ஒரு யூனிட்டுக்கு ஒரு சென்ட்டின் மிகச் சிறிய பின்னம்தான், என்றாலும் அதைக் கட்டியவர்களில் பால்பண்ணைக்காரரும் இருந்தார், பழைய நிலக்கரி நகரத்து விதவையும் இருந்தார், அடுக்குமாடி வாடகைதாரரும் இருந்தார்.

கோவிலின் அறங்காவலர் குழுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அமெரிக்காவில் நம் கோவில்கள் பலவற்றில் பெருங்கொடை கொடுத்தவர்கள் குழுவில் இடம்பெறுவதை நான் குறைசொல்ல மாட்டேன். தாம் கொடுத்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு, வழிபாட்டுக்கு வருபவர்களும் பெரும்பாலும் அதே சமூகம்தான். உங்கள் நிதியத்துக்குப் பணம் கொடுத்தவர்களோ யாரென்று ஒருவரை ஒருவர் அறியாத லட்சக்கணக்கான மின்நுகர்வோர். அவர்கள் உங்கள் கூட்டத்துக்கு ஒருபோதும் வரப்போவதில்லை. அவர்கள் சார்பில் உட்கார்ந்து, திரும்ப வராத கடனைக் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதும், திரும்ப வரக்கூடிய, ஆனால் வங்கிகள் தொடத் தயங்குகிற கடனைத் துணிந்து கொடுப்பதும்தான் உங்கள் வேலை. அதனால்தான் கோவிலில் பயன்பட்ட அளவுகோல்களை, அதாவது நன்கொடை, பழக்கம், நேரம் ஒதுக்கும் மனம் ஆகியவற்றை, இங்கே கொண்டுவர வேண்டாம் என்கிறேன்.

கடன் என்று சொல்லிவிட்டதால், கடனைப் படிக்கத் தெரிந்தவர் ஏன் கட்டாயம் வேண்டும் என்பதற்கு உங்கள் மாநிலத்திலேயே நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். 2004-இல் வந்த மாற்று எரிசக்திச் சட்டம், மின் நிறுவனங்கள் விற்கும் மின்சாரத்தில் அரை விழுக்காடு 2021-க்குள் சூரிய ஒளியிலிருந்து வர வேண்டும் என்றது. அந்த இலக்கை எட்ட மின் நிறுவனங்கள் வாங்குவதற்காக, பேனல்களில் உற்பத்தியாகும் ஒவ்வொரு மெகாவாட்-மணி (ஆயிரம் யூனிட்) மின்சாரத்துக்கும் ஒன்று என்ற கணக்கில் சூரிய மின் சான்றிதழ்கள் விற்பனைக்கு வந்தன. 2010 வாக்கில் ஒரு சான்றிதழ் முந்நூறு டாலரை ஒட்டி விலைபோனது. அரசின் மானியமும் சேர்ந்துகொள்ள, பள்ளிகளும் பண்ணைகளும் கிடங்குகளும் பேனல்களைப் பொருத்தின. வேறு மாநிலங்களில் பொருத்தப்பட்டவையும் பென்சில்வேனியாவில் சான்றிதழ் விற்கச் சட்டம் இடம்கொடுத்ததால் சந்தை நிரம்பி வழிந்தது. சில ஆண்டுகளில் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. வெளிமாநிலச் சான்றிதழ்களுக்கு எதிராகக் கதவைச் சாத்தும் சட்டம் 2017-இல்தான் வந்தது. முந்நூறு டாலர் பத்தாண்டுகளுக்கு நீடிக்கும் என்று காட்டிய வருவாய்த் தாளை வைத்து யாரேனும் கடன் கேட்டு வந்திருந்தால், பேனலின் திறனையும் கூரையின் சாய்வையும் நிழலையும் உங்களைப் போன்ற பொறியாளர்கள் குறையில்லாமல் சரிபார்த்திருப்பார்கள். விலை பாதியானால் தவணை எங்கிருந்து வரும் என்று கேட்க வேறொருவர் தேவைப்பட்டிருப்பார். வீட்டுக் கூரைப் பேனல்களுக்கான மத்திய அரசின் 30 விழுக்காட்டு வரிச்சலுகை 2025-ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்தப்பட்டிருக்கும் இந்த நேரத்தில், அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

ஆகவே தேடலைத் தொடங்கும் முன், எஞ்சியுள்ள நால்வரும் ஒரு மாலை உட்கார்ந்து, கடந்த மூன்று ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகளைப் புரட்டுங்கள். எந்த முடிவுகளில் திணறினீர்கள், எந்த விஷயத்தில் ஊழியர்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டீர்கள், எந்த ஊரிலிருந்து ஒரு விண்ணப்பமும் வரவில்லை என்று பாருங்கள். அந்த மூன்று விடைகளும் மூன்று நாற்காலிகளின் விவரணையாகத் தாமாகவே அமைந்துவிடும். கூடவே உங்கள் துணைவிதிகளையும் எடுத்துப் படியுங்கள். பதவிக்காலம் எத்தனை ஆண்டு, மறுநியமனத்துக்கு வரம்பு உண்டா, நியமனத்துக்கு ஆணையத்தின் ஒப்புதல் வேண்டுமா என்பவை அதில் இருக்கும். ஒப்புதல் வேண்டுமென்றால் அதற்கான மாதங்களையும் சேர்த்துப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

இனி அந்தச் சோலார் நிறுவன உரிமையாளர். இந்த விஷயத்தில் உங்கள் மூத்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இத்தகைய பிராந்திய நிதியங்களுக்கே உரிய சிக்கல் இது: துறையை நன்றாக அறிந்தவர்கள் அனைவரும் அத்துறையில் பிழைப்பவர்கள், பிழைப்பவர்கள் அனைவருக்கும் என்றாவது ஒருநாள் உங்கள் பணம் தேவைப்படும். அதற்காகத் துறை அறிந்த எவரையுமே ஒதுக்கினால் குழு குருடாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இவருடைய நிலை வேறு. அவருக்கே கடன் நிலுவையில் இருக்கிறது. அவருடைய வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு கடனும் அவருக்கு ஒரு விற்பனை. அவருடைய போட்டியாளரின் வாடிக்கையாளருக்கு மறுக்கப்படும் ஒவ்வொரு கடனும் அவருக்கு மறைமுக ஆதாயம். அந்த நேரங்களில் அவர் அறையைவிட்டு வெளியேறிவிடுவார் என்று உங்கள் மூத்தவர்கள் சொல்லக்கூடும். அப்படி வெளியேறுவதும் அதைக் குறிப்பேட்டில் பதிவதும் சரியான முறைதான். என்றைக்கோ ஒருமுறை வரும் முரணுக்கு அது போதும். கூட்டத்துக்குக் கூட்டம் பாதி நேரம் வெளியே நிற்க வேண்டியவரை நியமித்தால், ஒரு நாற்காலியை நிரப்பியதாகக் கணக்குக் காட்டிவிட்டு அதைக் காலியாகவே வைத்திருப்பீர்கள். சிறிய குழுவில் கோரமும், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகையும், அடிக்கடி ஆட்டங்காணும்.

சட்டத்தின் பார்வையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிதியம் வரிவிலக்குப் பெற்ற பொது அறநிறுவனம் என்று எடுத்துக்கொண்டால், வாக்குரிமையுள்ள இயக்குநர் ஒருவருக்கு நியாயத்துக்கு மீறிய ஆதாயம் கிடைக்கும்படி ஒரு பரிமாற்றம் நடந்தால், அந்த மிகை ஆதாயத்தில் 25 விழுக்காட்டை அவர் வரியாகக் கட்ட வேண்டும்; திருத்திக்கொள்ளாவிட்டால் 200 விழுக்காடு. தெரிந்தே அதற்குக் கை உயர்த்திய மற்ற இயக்குநர்கள் மீதும், வரம்புக்கு உட்பட்டு, 10 விழுக்காட்டு வரி விழலாம். பதவியிலிருந்து விலகியவருக்கும் ஐந்தாண்டுகளுக்கு இந்தப் பார்வை தொடரும் என்பது பலருக்குத் தெரியாது. சந்தை நிலவரத்துக்கு ஏற்ற வட்டியில், தொடர்பில்லாத இயக்குநர்கள் ஒப்பீட்டுத் தரவுகளைப் பார்த்து, எழுத்தில் பதிவுசெய்து கொடுத்த கடனுக்கு இந்த ஆபத்து குறைவுதான். இருந்தாலும், ஆண்டுதோறும் வருமானவரித் துறைக்குச் சமர்ப்பிக்கும் 990-ஆம் படிவத்தில் சார்பற்ற இயக்குநர்கள் எத்தனை பேர், நலன் முரண் குறித்த எழுத்துவடிவக் கொள்கை உண்டா, இயக்குநர்களோடு கொடுக்கல் வாங்கல் உண்டா என்பதையெல்லாம் எழுத வேண்டியிருக்கும். அந்தப் படிவத்தை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். உள்ளூர் நாளிதழின் நிருபரும் படிக்கலாம்.

அவரை இழக்கவும் வேண்டாம். வாக்குரிமையில்லாத தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து, அதில் அவரோடு அவருடைய போட்டியாளர் ஒருவரையும் சேர்த்து அமர்த்துங்கள். இன்வெர்ட்டர் விலை, கூரைக்கான உள்ளூர் அனுமதிகள், இணைப்புக்கு மின் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் காலம் என அவர்களிடம் கேட்டறிய நிறைய இருக்கிறது. தனிப்பட்ட கடன் விண்ணப்பங்களை மட்டும் அந்தக் குழுவின் கண்ணில் காட்டாதீர்கள். இந்த முடிவை மின்னஞ்சலில் தெரிவிக்காமல், நீங்களே நேரில் சந்தித்து, காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தொழில் செய்பவர்கள் பொதுவாகக் காரணம் தெரிந்தால் வருந்துவதில்லை.

அந்த இளம்பெண்ணைப் பற்றி நீங்கள் ஒரு வாக்கியம்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் நாற்காலியை அவருக்குத்தான் கொடுப்பேன். 1976-இல் தொடங்கிய மத்திய அரசின் வீட்டு வெப்பக்காப்புத் திட்டத்தைப் போன்ற பணிகளில் ஈடுபடுபவர்கள், மனிதர்கள் உண்மையில் வசிக்கும் வீடுகளின் நிலவறைக்கும் பரணுக்கும் போய் வருபவர்கள். பழைய எண்ணெய் உலை, ஈரம் ஊறிய சுவர், பழுதுபார்க்காமல் விட்ட கூரை என ஒரு வீட்டுக்குப் பேனல் பொருத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை எத்தனை என்று அவருக்குத் தெரியும். வாடகைக்கு இருப்பவர் மின்கட்டணம் கட்ட, வீட்டுச் சொந்தக்காரர் முதலீடு செய்ய மறுக்கும் முடிச்சும் தெரியும். உங்கள் குழுவில் வேறு எவருக்கு இது தெரியும்? அனுபவம் போதாது என்று மூத்தவர்கள் சொல்வது நிதியறிக்கை படிப்பதைப் பற்றி என்றால், அதை இரண்டு மாலை நேரங்களில் உங்கள் கணக்காளர் சொல்லிக் கொடுத்துவிடலாம். அவர் பணிபுரியும் அமைப்பு உங்களிடம் நிதி கேட்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எப்போதாவது கேட்கும் என்றால், முன்பு சொன்ன வெளியேறும் முறை அங்கே போதுமானது.

இரண்டாவது நாற்காலிக்குக் கடன் கொடுத்துப் பழகியவர் வேண்டும். இங்கே பலர் தவறவிடும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 1977-இன் சமூக மறுமுதலீட்டுச் சட்டப்படி வங்கிகள் தாங்கள் இயங்கும் பகுதியின் வருமானம் குறைந்த மக்களுக்கு என்ன செய்தன என்று மதிப்பிடப்படுகின்றன; வங்கி அதிகாரி ஒருவர் தம் நிதியறிவைப் பயன்படுத்தி, அத்தகைய மக்களுக்கு உதவும் அமைப்பொன்றின் குழுவில் பணியாற்றினால், அது அந்த மதிப்பீட்டில் சேவையாகக் கணக்கில் கொள்ளப்படலாம். ஆகவே உள்ளூர் வங்கியின் மறுமுதலீட்டு அதிகாரியை அழைத்து, “உங்களில் சிறுதொழில் கடன் பிரிவைச் சேர்ந்த யாரேனும் வர முடியுமா?” என்று கேட்டால், நீங்கள் தயவு கேட்பவராக நிற்க வேண்டியதில்லை, அவர்களுக்கும் அது தேவை. அந்த வங்கியே உங்களோடு சேர்ந்து கடன் கொடுக்கிறதா என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கொடுக்கிறது என்றால், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரோ கடன் சங்கத்தைச் சேர்ந்தவரோ மேல். பள்ளி மாவட்டங்களின் வணிக மேலாளர்களையும் பரிந்துரைப்பேன். மிச்சமாகும் மின்கட்டணத்தைக் கொண்டே செலவை ஈடுகட்டும் எரிசக்திச் சேமிப்பு ஒப்பந்தங்களில் கடன் வாங்குபவரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். விற்பனையாளரின் சேமிப்புக் கணிப்பை நம்பாமல் படிக்கப் பழகியவர்கள்.

மூன்றாவதை ஊரைப் பார்த்து நிரப்புங்கள். மின்விநியோகப் பகுதியின் எல்லை, மாவட்ட எல்லையோடும் ஒத்துப்போகாது, மக்கள் தங்களை எந்த ஊராராக நினைக்கிறார்கள் என்பதோடும் ஒத்துப்போகாது. அதனால் குழுவில் இருப்பவர்களெல்லாம் ஒரே நகரத்தின் புறநகரில் வசிப்பவர்களாக இருந்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். வரைபடத்தில் இயக்குநர்களின் வீடுகளையும் கடன் சென்ற இடங்களையும் குறித்துப் பாருங்கள். கிழக்குப் பென்சில்வேனியாவில் அலன்டவுன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஸ்பானிய மொழிப் பின்னணியினர், வடக்கே ஆந்த்ரசைட் நிலக்கரி ஊர்கள், தெற்கே பண்ணைகள். மின்பணியாளர் சங்கம், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்க அலுவலகம், சமூகக் கல்லூரி, கடனை முழுதாகக் கட்டி முடித்த பழைய கடனாளிகள் ஆகிய நால்வரிடமும் தொலைபேசியில் பேசி, “நீங்கள் வர முடியுமா?” என்று கேட்காமல், “நீங்கள் யாரிடம் கணக்கை நம்பி ஒப்படைப்பீர்கள்?” என்று கேளுங்கள். ஒரே பெயர் இரண்டு இடங்களிலிருந்து வந்தால், நேரில் போய்ப் பாருங்கள்.

உங்கள் கோவில் நண்பர்கள் மூவரையும் பற்றி. அவர்களில் ஒருவர் மேற்சொன்ன தேவைகளில் ஒன்றுக்குப் பொருந்தினால், மற்றவர்களைப் போல அவரும் விண்ணப்பிக்கட்டும். தேர்வில் நீங்கள் வாக்களிக்காமல் இருங்கள். மூவரையும் ஒன்றாகக் கொண்டுவந்தால், எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், ஏழு பேரில் நால்வர் ஏற்கெனவே ஒன்றாக முடிவெடுத்துப் பழகியவர்கள் ஆவீர்கள். மற்ற மூவருக்கும் கூட்டம் என்பது முன்பே முடிந்துபோன ஒன்றாகத் தோன்றும். நம் சங்கங்களில் இது எப்படி முடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மதிப்பூதியம் வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குச் சட்டக் காரணமே இருக்கிறது. 1997-இன் மத்திய தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம், தம் பொறுப்புக்கு உட்பட்டு நல்லெண்ணத்தோடு செயல்பட்ட தன்னார்வலரைத் தனிப்பட்ட இழப்பீட்டு வழக்குகளிலிருந்து காக்கிறது. ஆனால் நியாயமான செலவுகளை ஈடுசெய்வது நீங்கலாக, ஆண்டுக்கு 500 டாலருக்கு மேல் ஏதேனும் பெற்றால் அவர் அச்சட்டத்தின் கண்ணில் தன்னார்வலர் அல்லர். அதற்குப் பதிலாகச் செலவுகளைத் தாராளமாக ஈடுசெய்யுங்கள்: பயணம், கூட்ட நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கான தொகை ஆகியவற்றை. கூட்டம் பகலில் நடக்கிறது என்றால், அதை மாலைக்கு மாற்றினாலே, ஓய்வுபெற்றவர்கள் மட்டும் வரும் நிலை மாறிவிடும். மேற்கண்ட பாதுகாப்பு கடும் அலட்சியத்துக்குப் பொருந்தாது. நிதியமே இயக்குநர் மீது தொடுக்கும் வழக்கையும் தடுக்காது. ஆகவே இயக்குநர் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று விவரம் தெரிந்த எவரும் முதல் சந்திப்பிலேயே கேட்பார். பாலிசியின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

அழைக்கும்போது “ஆண்டுக்கு நான்கு கூட்டம்தான்” என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கூட்டத்துக்கு முன் படிக்க வேண்டிய கோப்பு எத்தனை பக்கம், கடன் குழு எத்தனை முறை கூடும், ஒரு கடன் வசூலாகாமல் போனால் என்ன நடக்கும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஏற்கும் முன் ஒரு கூட்டத்தைப் பார்வையாளராக வந்து பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பதாரரின் தனி விவரங்கள் வரும்போது மட்டும் அவரை வெளியே அனுப்பலாம். நேர்காணலில், தெரிந்தவர் ஒருவர் கேட்டதைப் பணி நிமித்தம் மறுத்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லும் முறையிலேயே நிறைய விளங்கிவிடும்.

இரண்டு நல்லவர்கள் கிடைத்து மூன்றாமவர் கிடைக்காவிட்டால், ஆறு பேரோடு ஓராண்டு நடத்துங்கள். துணைவிதி வேறுவிதமாகச் சொல்லாதவரை, கோரம் பதவியில் இருப்போரின் பெரும்பான்மையைக் கொண்டே கணக்கிடப்படும். காலியிடம் உங்களை முடக்காது. துணைவிதி இடம்கொடுத்தால், புதியவர்களின் முதல் பதவிக்காலத்தை ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு என்று வெவ்வேறாக வகுத்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தால் மனத்தாங்கலுக்கு இடமிருக்காது. மூன்று இடங்கள் ஒரே சமயத்தில் காலியாகும் நிலை உங்களுக்குப் பின் இந்தப் பொறுப்புக்கு வருபவருக்கு நேராதிருக்க, அந்தத் தீர்மானத்தைப் புதியவர்கள் பதவியேற்கும் கூட்டத்திலேயே கொண்டுவந்துவிடுவது நல்லது.